கிழவி கிணறு: பத்திரங்களின் வழியே 1909 வரை

முசிறிப் பக்கம் எங்கள் ஊரில், மேட்டுக்காட்டு மூலையில் இருக்கிற கிணற்றுக்குக் கிழவி கிணறு என்று பெயர். எந்தக் கிழவி என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் வம்சாவளியும் கொள்ளுத்தாத்தா பெயரோடு நின்றுபோயிருந்தது. போன தை மாதம், நிலக் கணக்கைப் பிடித்துக்கொண்டு அவருக்கு முன்னால் போக முடியுமா என்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் எடுத்தது அரசு இணையதளத்தில் கிடைக்கும் பட்டாவும் அ-பதிவேடும். பட்டாவில் இன்றைய பெயர்கள்தான் இருக்கும். அ-பதிவேட்டில் நிலத்தின் ஜாதகமே உண்டு: நஞ்சையா புஞ்சையா, மண் வயனமும் ரகமும், தரம், தீர்வை, பரப்பு. ஆனால் குடும்பத்தைத் தேடுகிறவர்களுக்கு அதில் உயிர்நாடி பழைய புல எண் என்கிற கட்டம். 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். எனப்படும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் ஏக்கர், சென்ட் எல்லாம் ஹெக்டேராக மாறியது. எங்கள் ஊரில் எண்களும் மாறின. பழைய எண் கையில் இல்லாமல் அதற்கு முந்தைய எந்தக் காகிதத்தையும் இன்றைய நிலத்தோடு பொருத்த முடியாது. ஒரு நோட்டில் இடப்பக்கம் பழைய எண், வலப்பக்கம் புதிய எண் என்று எழுதிக்கொண்டேன். இன்றுவரை அதிகம் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்று இணையத்தில் 1975 வரைதான் போனது. அதற்கு முந்தைய வருஷங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டேன். அங்கேதான் தடம் மாறியது. எங்கள் பக்கம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். பங்காளி வீடுகளிலும் அதே குலசாமிப் பெயர்கள்தான். 'இன்னார் குமாரர் இன்னார்' என்பதை மட்டும் நம்பி, இரண்டு மாதம் வேறொரு பங்காளி வீட்டின் வரிசையை என் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தேன்.

சரியான தடத்தைக் காட்டியது செக்குபந்தி, அதாவது பத்திரத்தின் கடைசியில் வரும் நான்கெல்லை விவரம். 'இன்னார் புஞ்சைக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு' என்று இருக்கும். நான்கு புறமும் இருப்பவர்களைப் பார்த்தால், ஒரே பெயரில் இருவர் இருந்தாலும் யார் எந்தக் காட்டுக்காரர் என்பது தெரிந்துவிடும். நம் ஆட்கள் எதையும் வாங்காத, விற்காத வருஷங்களிலும் அடுத்த காட்டுக்காரரின் பத்திரத்தில் எல்லையாக வந்து நிற்பார்கள். என் கொள்ளுத்தாத்தாவை அப்படி மூன்று இடத்தில் பார்த்தேன்.

சித்திரையில் பெரியப்பா வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்தோம். அடியில் 1934-ம் வருஷத்துப் பாகப் பிரிவினைப் பத்திரம். கொள்ளுத்தாத்தாவும் அவர் தம்பியும் பிரித்துக்கொண்டது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்ததால் போனில் படம் எடுத்துவிட்டு அப்படியே வைத்துவிட்டோம். அதில் ஒரு வரி: தாயாரின் ஜீவனாம்சத்துக்காக மேட்டுக்காட்டில் 60 சென்ட், வடகிழக்கு மூலைக் கிணறு உள்பட, அவர் ஆயுள் பரியந்தம் அனுபவிக்க வேண்டியது. தாயார் என்றுதான் எழுதியிருக்கிறதே தவிர, பெயர் இல்லை.

அந்தப் பத்திரமே முந்தைய 1909-ம் வருஷக் கிரயத்தின் எண்ணைச் சொல்லியிருந்தது. எண்ணும் வருஷமும் தெரிந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. நகலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நாலாவது நடையில் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து படிக்க மூன்று ராத்திரி ஆனது. புள்ளி வைக்காத எழுத்து. வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, ரூபாய்க்கு ௹, மேற்படிக்கு ௸. தொகையை ௮௰௫ என்று எழுதியிருந்ததை நான் 'அ ய ரு' என்று எழுத்தாகவே படித்துக்கொண்டிருந்தேன், அது 85. தேதி சௌமிய வருஷம் ஆவணி. அறுபது வருஷச் சுற்றில் சௌமிய வருஷம் 1909 சித்திரையில் பிறந்தது, சரியாக வந்தது. (பசலி, அதாவது நிலவரிக் கணக்கு வருஷம், மட்டும் போட்ட காகிதம் கிடைத்தால் ஆங்கில வருஷத்துக்கு 590 கூட்டிக்கொள்ளுங்கள், பசலி வருஷம் ஜூலையில் தொடங்குவதால் அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரை 591.)

எழுதிக் கொடுத்தவர் ஒரு பெண். காலஞ்சென்றவரின் பாரியாள், மைனர் குமாரர்கள் இருவருக்கும் தாயும் கார்டியனும். அந்த மைனர்களில் மூத்தவர் என் கொள்ளுத்தாத்தா, அப்போது ஆறு வயது. பள்ளக்காடு 1 ஏக்கர் 12 சென்டைப் பங்காளிக்குக் கிரயம் செய்திருக்கிறார். புருஷன் வைத்துவிட்டுப் போன கடனுக்கு 60 ரூபாய். மீதி 25 ரூபாய் பாக்கிப் புஞ்சையில் கிணறு வெட்டும் செலவுக்கு.

பாக்கிப் புஞ்சை என்பது மேட்டுக்காடு. நோட்டில் பழைய எண்ணைப் பார்த்தேன், பொருந்தியது. புலப்படத்தில் வடகிழக்கு மூலையில் கிணற்றுக் குறி இருக்கிறது. அந்த 60 சென்ட் இன்று 0.24.5 ஹெக்டேர் என்று பெரியப்பா பட்டாவில் நிற்கிறது. கிழவி யார் என்று இப்போது எங்களுக்குத் தெரியும். அவர் பெயர் எங்கள் ஊர் எல்லை அம்மனின் பெயர்.

எங்கள் வீட்டில் நூறு வருஷமாக ஒரு பேச்சு உண்டு. "பள்ளக்காட்டைப் பங்காளி ஏமாத்தி எழுதி வாங்கிட்டான்" என்று அப்பாயி சாகும்வரை சொன்னது. அந்த வீட்டோடு நல்லது கெட்டதுக்குக்கூடப் போக்குவரத்து இல்லை. பத்திரத்தைப் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 85 ரூபாய் நியாயமான விலையா என்று பத்திரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது; அதே வருஷங்களில் பக்கத்துக் காடுகள் என்ன விலைக்குப் போயின என்று பார்க்க வேண்டும், அதற்கும் மனுப் போட்டிருக்கிறேன். ஆனால் கடன் இருந்தது, கிணறு வெட்டப் பணம் வந்தது. இதைப் பெரியப்பா இதற்குமுன் கேட்டதே இல்லை. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

அம்மா வழியில் இன்னும் ஒன்றும் நகரவில்லை. அது சிவகங்கை ஜமீன் கிராமம். 1948-ம் வருஷச் சட்டப்படி ஜமீனை ஒழித்த பிறகுதான் அங்கே ரயத்வாரி செட்டில்மெண்ட், அதாவது குடியானவர் நேரே அரசுக்குத் தீர்வை கட்டும் ஏற்பாடு, வந்தது. எங்கள் ஊர் போன்ற ரயத்வாரி ஊரில் தேடிய முறை அங்கே உதவாது. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போக ஐப்பசியில் நான்கு நாள் லீவு சொல்லியிருக்கிறேன்.

1909 கிரய நகலின் கடைசியில் கிழவியின் பெயரை எழுதி, பக்கத்தில் 'கீறல்' (கையெழுத்துப் போடத் தெரியாதவர் இடும் குறி) என்று போட்டு, நடுவே ஒரு குறுக்குக்கோடு. அது நகல் எடுத்த குமாஸ்தா போட்ட கோடு. கிழவி தன் கையால் போட்ட கீறல் அசல் பத்திரத்தில் இருக்கும். அசல், வாங்கிய வீட்டில்தானே இருக்கும்?

"தம்பி, ஞாயித்துக்கிழமை போலாம்" என்றார் பெரியப்பா. "நானும் வர்றேன்."