தாய்லாந்து திரும்பியதும் டிஎம் 30 மறுபடி போட வேண்டுமா?

தாய்லாந்தில் வேலை பார்ப்பவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பியதும் கேட்கும் முதல் கேள்வி இது. டிஎம் 30 என்பது வெளிநாட்டவர் தங்கும் முகவரியை இமிகிரேஷனுக்கு, அதாவது குடிவரவுத் துறைக்கு, தெரிவிக்கும் படிவம். சுருக்கமான பதில்: முகவரி, தங்கும் அனுமதி, பாஸ்போர்ட் ஆகிய மூன்றும் புறப்படும்போது இருந்தபடியே இருந்தால் வேண்டாம். மூன்றில் ஒன்று மாறியிருந்தாலும் வேண்டும், அதுவும் வீட்டுக்கு வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள்.

இந்தப் பதில் முன்பு இவ்வளவு எளிதாக இருக்கவில்லை. 1979ஆம் ஆண்டின் (தாய்க் கணக்கில் 2522) குடிவரவுச் சட்டத்தில் 38ஆவது பிரிவு இருக்கிறது. வெளிநாட்டவர் ஒருவரைத் தங்க வைக்கும் வீட்டுக்காரரோ ஹோட்டல் மேலாளரோ 24 மணி நேரத்துக்குள் இமிகிரேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தப் பகுதியில் இமிகிரேஷன் அலுவலகம் இல்லையென்றால் காவல் நிலையத்தில் தெரிவிக்கலாம். அதற்கான படிவம்தான் டிஎம் 30. பல ஆண்டுகள் இதை வீடுகளிடம் யாரும் கண்டிப்பாகக் கேட்கவில்லை. 2019இல் திடீரென்று பிடி இறுகியது. வார இறுதிக்கு வேறு மாகாணம் போய் வந்தவர்கள்கூட மறுபடி பதிவு செய்ய வேண்டியதாயிற்று. எதிர்ப்பு பலமாக எழுந்த பிறகு, 2020 ஜூன் 30 முதல் விதி தளர்ந்தது. ஒரு முகவரியில் முறையாகப் பதிவு இருந்து, ரீஎன்ட்ரி பெர்மிட்டிலோ (வெளியே போய்த் திரும்பினாலும் இருக்கும் அனுமதியைக் காப்பாற்றும் சீட்டு) மல்டிபிள் என்ட்ரி விசாவிலோ (பல முறை நுழைய விடும் விசா) வெளிநாடு போய் அதே முகவரிக்குத் திரும்பினால், மறுபடி பதிவு செய்யத் தேவையில்லை. உள்நாட்டில் வேறு மாகாணம் போய்த் திரும்பினாலும் அப்படியே.

இந்தச் சலுகையில் பலர் தவறவிடும் இடம் ரீஎன்ட்ரி பெர்மிட். ஓராண்டு எக்ஸ்டென்ஷனில், அதாவது தங்கும் அனுமதியின் நீட்டிப்பில், இருப்பவர் அது இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறினால் எக்ஸ்டென்ஷன் அந்த நிமிடமே போய்விடும். திரும்பி வரும்போது கிடைப்பது புது அனுமதி. வீடு அதேதான் என்றாலும் டிஎம் 30 புதிதாகப் போட வேண்டும். பழைய விசா நிலையை மீட்க அலைய வேண்டியிருப்பதோடு ஒப்பிட்டால் இந்தப் பதிவு சின்ன வேலைதான். ரீஎன்ட்ரி பெர்மிட்டுக்கு ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800 பாட். படிவம் டிஎம் 8. கடைசி நேரமாகிவிட்டால் சுவர்ணபூமி விமான நிலையத்திலும் வாங்கலாம், ஆனால் பாஸ்போர்ட் கவுன்டரைக் கடப்பதற்கு முன் வாங்கிவிட வேண்டும். ஆண்டுக்கு நான்கு முறை போய் வருபவருக்குப் பல முறைப் பெர்மிட்தான் லாபம்.

பாஸ்போர்ட் மாறுவது அடுத்தது. ஊரில் இருக்கும்போது புதுப்பித்துக்கொண்டு வருபவர்கள் நிறைய. பதிவு பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டது. புது எண்ணில் உங்களுக்கு முகவரி எதுவும் இருக்காது. வீட்டுக்காரரிடம் சொல்லிப் புது எண்ணில் பதிவு போடுங்கள். பழைய பாஸ்போர்ட்டில் உள்ள விசா, எக்ஸ்டென்ஷன் முத்திரைகளைப் புதியதற்கு மாற்றுவது தனி வேலை. பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இரண்டையும் சேர்த்தே எடுத்துப் போக வேண்டும்.

இடையில் ஹோட்டலில் தங்கினால் என்ன ஆகும்? ஹோட்டலும் உங்கள் பெயரில் டிஎம் 30 போடும். அதனால் கணினியில் கடைசி முகவரியாக ஹோட்டல் தெரியலாம். 2020 விதிப்படி வீட்டுப் பதிவு செல்லுபடியாகும். ஆனால் எல்லா அலுவலகமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சில இடங்களில் புதிதாகப் போடச் சொல்வார்கள். எக்ஸ்டென்ஷனுக்குப் போகும் நேரம் நெருங்கிவிட்டால் வாதாடுவதை விட, முன்கூட்டியே ஆன்லைனில் ஒரு முறை போட்டுக்கொள்வதே என் பரிந்துரை. கூடுதலாகப் போட்டதற்கு யாரும் அபராதம் கேட்பதில்லை.

இந்த விதியின் பெரிய சங்கடம் இனிதான். சட்டப்படி கடமை வீட்டுக்காரருடையது, அபராதமும் அவருக்குத்தான். அதே சட்டத்தின் 77ஆவது பிரிவின்படி வீடு என்றால் 2,000 பாட் வரை, ஹோட்டல் என்றால் 2,000 முதல் 10,000 பாட் வரை. வீடுகளுக்குக் கவுன்டரில் 800 முதல் 1,600 பாட் வரை கேட்பது வழக்கம். ஆனால் வேலை நிற்பது உங்களுடையது. எக்ஸ்டென்ஷன், 90 நாளுக்கு ஒரு முறை நீங்கள் முகவரியைத் தெரிவிக்கும் 90 நாள் அறிக்கை, வங்கிக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் தேவைப்படும் வசிப்பிடச் சான்றிதழ் என எதற்குப் போனாலும் அலுவலர் முதலில் திரையில் உங்கள் முகவரியைத் தேடுவார். இல்லையென்றால் உங்கள் கோப்பு அங்கேயே நின்றுவிடும். வீட்டுக்காரர் வந்து கட்டும்வரை காத்திருக்க முடியாமல் வாடகைக்கு இருப்பவரே அபராதத்தைக் கட்டிவிட்டு வருவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. சட்டம் யாரைச் சொன்னாலும் சரி, பதிவு நடந்ததா என்று பார்ப்பது உங்கள் வேலை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் தயங்குவதற்குக் காரணம் சோம்பலாக மட்டும் இருப்பதில்லை. வாடகை வருமானத்தை வரிக் கணக்கில் காட்டாதவர்கள் அரசு ஆவணம் எதிலும் பெயர் வராமல் பார்த்துக்கொள்வார்கள். அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே இதைப் பேசி, ‘டிஎம் 30 வீட்டுக்காரர் பதிவு செய்வார் அல்லது ஆவண நகல்களைத் தருவார்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். முன்பணம் கைமாறிய பிறகு கேட்டால் பதில் வராது.

அவர் வராவிட்டாலும் வழி இருக்கிறது. சட்டத்தின் 4ஆவது பிரிவில் ‘வீட்டுத் தலைவர்’ என்பதற்கு உள்ள விளக்கத்தில் உரிமையாளர் மட்டுமல்ல, குத்தகைக்கு எடுத்து வீட்டைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரும் அடக்கம். வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருந்தால் நீங்களே பதிவு செய்வதைப் பல அலுவலகங்கள் ஏற்கின்றன. காண்டோ (அடுக்குமாடி வீடு) உங்கள் சொந்தம் என்றால் கேள்வியே இல்லை, நீங்கள்தான் செய்ய வேண்டும்.

நேரில் போவதானால் எடுத்துச் செல்ல வேண்டியவை: நிரப்பிய டிஎம் 30 படிவம், பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கம், விசா, கடைசி நுழைவு முத்திரை ஆகியவற்றின் நகல்கள், வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல், நீல நிற வீட்டுப் புத்தகமான தபியன் பானின் நகல். வீட்டுக்காரருக்குப் பதிலாக வேறொருவர் போனால் 10 பாட் முத்திரை ஒட்டிய அதிகாரக் கடிதமும் வேண்டும். ஒவ்வொரு நகலிலும் அதற்குரியவரின் கையெழுத்து இருக்க வேண்டும். வீட்டுக்காரரின் நகல்களில் அவர் ‘உண்மை நகல்’ என்று தாய் மொழியில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்தில்லாத நகலால் திருப்பி அனுப்பப்படுவது அன்றாடம் நடப்பது. படிவத்தின் அடிப்பகுதியைக் கிழித்து முத்திரை வைத்துத் தருவார்கள். அதைப் பாஸ்போர்ட்டில் குத்தி வையுங்கள், கைபேசியிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் செய்வதென்றால் வீட்டுக்காரர் இமிகிரேஷனின் டிஎம் 30 தளத்தில் ஒரு முறை கணக்குத் தொடங்கி வீட்டைச் சேர்க்க வேண்டும். தபியன் பானில் உள்ள 11 இலக்க வீட்டு எண் அப்போது கையில் இருக்கட்டும். அதன் பிறகு ஒவ்வொரு பதிவும் சில நிமிட வேலைதான். சனிக்கிழமை இரவு வந்து இறங்குபவருக்கு 24 மணி நேரக் கெடுவைக் காப்பாற்ற வேறு வழியும் இல்லை.

நம்மவர்களுக்கு இங்கே தனியாக ஒரு சிக்கல் உண்டு, பெயர். பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் அங்கே வந்திருக்கும். வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்தபடி பிரித்து எழுதுவார். புகைப்படப் பக்கத்தின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் இருக்கின்றன அல்லவா, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்துப் பதியச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் எண்ணில் பூஜ்யத்துக்குப் பதில் ‘ஓ’ விழுந்துவிட்டால் பதிவு இருந்தும் இல்லாத கதைதான். இந்தியப் பாஸ்போர்ட் எண்ணில் முதலில் ஓர் எழுத்து, பிறகு ஏழும் இலக்கங்கள். அதைச் சொல்லியே அனுப்புங்கள்.

2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழைபவர்கள் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். வருவதற்கு முன் 3 நாட்களுக்குள், கட்டணமின்றி. அதில் தங்கும் முகவரியும் கேட்பார்கள். அங்கே முகவரி எழுதிவிட்டதால் டிஎம் 30 முடிந்தது என்று நினைத்துக்கொள்பவர்கள் அதிகம். முடியவில்லை. அது பயணியின் அறிவிப்பு, இது வீட்டின் அறிவிப்பு.

90 நாள் அறிக்கையும், அதாவது டிஎம் 47உம், இதோடு குழம்பும். இரண்டும் எதிர்த் திசையில் ஓடுபவை. அதே வீடு, அதே அனுமதி என்றால் வெளிநாடு போய் வந்தாலும் டிஎம் 30 தொடரும். 90 நாள் கணக்கோ ஒவ்வொரு முறை நாட்டுக்குள் நுழையும்போதும் புதிதாகத் தொடங்கும், நுழைந்த நாளே முதல் நாள். மார்ச் 1 அன்று வந்தால் 90ஆவது நாள் மே 29. நேரில் என்றால் 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்புவரை, அதாவது மே 14 முதல் ஜூன் 5 வரை போகலாம். ஆன்லைனில் அந்தப் பின் 7 நாள் கிடையாது. தவறவிட்டு நீங்களாகவே போனால் வழக்கமாக 2,000 பாட். பழைய ரசீதில் அடித்திருக்கும் அடுத்த தேதியை, இடையில் வெளிநாடு போய் வந்திருந்தால், பொருட்படுத்த வேண்டாம்.

குடும்பத்தோடு திரும்புபவர்கள் ஒவ்வொரு பாஸ்போர்ட்டுக்கும் தனித்தனியாக இதையெல்லாம் பார்க்க வேண்டும். அப்பாவின் பெயரில் உள்ள பதிவு மனைவிக்கும் குழந்தைக்கும் பொருந்தாது. ஊரில் பிறந்து முதல் முறையாகக் கூட்டி வரப்படும் கைக்குழந்தைக்கும் வந்த 24 மணி நேரத்துக்குள் சொந்தமாக ஒரு டிஎம் 30 தேவை.