ஆனதோத் நிலத்தின் கிரயப் பத்திரம்

பத்திரம் எழுதுவது என் தொழில். அதனாலோ என்னவோ, கிறிஸ்தவ நம்பிக்கை என்றதும் எனக்கு முதலில் வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம் 32ஆம் அதிகாரம்தான் ஞாபகம் வரும். அதில் ஒரு கிரயம் நடக்கிறது, அதுவும் சிறையில்.

யூதாவை ஆண்ட சிதேக்கியா ராஜாவின் பத்தாம் வருஷம். பாபிலோன் படை எருசலேமை முற்றுகை போட்டிருக்கிறது. நகரம் விழும் என்று சொன்னதற்காக எரேமியாவைக் காவல் முற்றத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அங்கே பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே நாலைந்து கிலோமீட்டர்தான். எதிரிப் படை சூழ்ந்திருக்கிற நேரம். என்னிடம் யாராவது அப்படி ஒரு சொத்தைக் கொண்டுவந்தால், சுவாதீனம் யார் கையில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

எரேமியா வாங்கினார். 17 சேக்கல் வெள்ளி, ஏறக்குறைய 190 கிராம், தராசில் நிறுத்துக் கொடுத்தார். கையெழுத்து, சாட்சிகள், முத்திரை எல்லாம் உண்டு. முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டையும் தன் எழுத்தரான பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் கெடாமல் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். ஒரு சம்பிரதாயத்தைக்கூட விடவில்லை. படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும். இந்தத் தேசத்தில் வீடுகளும் நிலங்களும் திராட்சத் தோட்டங்களும் திரும்பவும் வாங்கப்படும் என்று கர்த்தர் சொன்னதை அப்படியே நம்பினவர் செய்கிற காரியம் இது.

‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள’ என்று நாங்கள் பத்திரத்தில் எழுதுவோம். எரேமியாவுக்கோ பிள்ளைகளே இல்லை. கல்யாணம் வேண்டாம் என்று 16ஆம் அதிகாரத்திலேயே கர்த்தர் சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் நகரம் விழுந்தது. அப்புறம் ஜனங்கள் அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த நிலத்தில் அவர் ஒரு பிடி தானியம் அறுத்ததாக வேதத்தில் எங்கும் இல்லை. ஆனால் எஸ்றா 2ஆம் அதிகாரத்தைத் திறந்தால், பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட சிறையிருப்பிலிருந்து ஊர் திரும்பினவர்களின் பட்டியலில் ஆனதோத்தின் மனிதர் 128 பேர் என்று இருக்கிறது.

என் அக்கா புற்றுநோயோடு படுத்திருந்தபோது, வீட்டு ஜெபத்துக்கு வந்தவர்கள் “சுகமாயிடும், விசுவாசிங்க” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அன்போடுதான் சொன்னார்கள். அக்கா அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. கிறிஸ்து உயிர்த்தெழுந்தார், தன்னையும் எழுப்புவார் என்பதில்தான் உறுதியாக இருந்தாள். தன் வளையல்களை விற்று, எங்கள் சித்தி பேத்தியை நர்சிங் படிப்பில் சேர்க்கச் சொன்னாள். “அவ படிச்சு முடிக்கிறத நான் பாக்கணும்னு இல்ல தம்பி, நீ பணத்தக் கட்டு” என்றாள். சுகமாகிவிடுவோம் என்கிற நினைப்பைவிட இது பெரிய நம்பிக்கை என்றுதான் எனக்குப் படுகிறது.

அவள் போய்விட்டாள். பத்திரம் முடிந்த பிறகு எரேமியா செய்த ஜெபம்தான் இப்போது எனக்குத் துணை. நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கைக்குப் போகிறதே, இந்த நேரத்தில் நிலத்தை வாங்கச் சொன்னீரே என்று ஆண்டவரிடமே கேட்கிறார். நானும் சில ராத்திரிகளில் அப்படிக் கேட்கிறேன். பிள்ளை இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வளையல் பணம் தீர்ந்துவிட்டது. அடுத்த வருஷக் கட்டணத்தை நான் கட்டுகிறேன்.