நீல வெள்ளைச் சீன ஜாடி: முதலில் அடியைத் திருப்புங்கள்

பத்மநாபபுரம் அரண்மனையில் சீனச் சாடிகளைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு வீட்டுப் பரணில் கிடக்கும் ஜாடியும் திடீரென்று புராதனமாகிவிடும். உடனே அடியிலுள்ள சீன எழுத்தைப் போட்டோ எடுப்பார்கள். அதைத்தான் கடைசியாக நம்ப வேண்டும். சீன மன்னர் காங்ஷியின் (ஆட்சி 1662–1722) பெயர் நான்கெழுத்தில் இருந்தால் அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுப் பிற்பகுதிச் சரக்கு. 1677இல் சீனப் பீங்கான் நகரமான ஜிங்தேஜென்னின் அதிகாரி ஒருவர் மன்னர் பெயரைப் பாண்டத்தில் எழுதக் கூடாதென்று தடையே போட்டார். அதனால் அசல் காங்ஷி காலத்துப் பாண்டத்தில் வெறும் இரட்டை நீல வட்டமோ, ஓர் இலையோ, முந்தைய மிங் வம்ச மன்னர் பெயரோதான் அடிக்கடி வரும்.

அந்த நான்கெழுத்து அதிகம் கிடைப்பது மூடி போட்ட இஞ்சி ஜாடியில். நீலத் தரையில் விரிசல் விட்ட பனி, மேலே வெள்ளையாகப் பிளம் பூ. பனி உடைந்து வசந்தம் வருகிறதென்று பொருள். ஐந்து இதழுக்கும் ஐந்து பேறு: ஆயுள், செல்வம், உடல்நலம், அறப்பற்று, நல்ல சாவு. நல்ல வேலையில் நீலம் அடர்ந்தும் வெளுத்தும் அலையடிக்கும். பிந்தியதில் தட்டையாக, விரிசல் கோடு வலை மாதிரி இருக்கும். ஐந்து வவ்வாலுக்கும் அதே ஐந்து பேறுதான், சீனத்தில் வவ்வாலும் பேறும் ஒரே ஒலி என்பதால். வவ்வால் வீட்டுக்குள் வந்தாலே நாம் முகம் சுளிப்போம்! மாதுளை பிள்ளைச்செல்வம், பீச் ஆயுள், மீன் வளம்.

ஜாடி தரையில் நிற்கும் அடி வளையத்தில் மெருகு, அதாவது கண்ணாடிபோன்ற மேற்பூச்சு, இருக்காது. மெருகு முடியும் இடத்தில் மெல்லிய செம்பழுப்புக் கோடு ஓடினால் நல்ல அறிகுறி, ஆனால் அதுவே தீர்ப்பல்ல. ஈரப் பஞ்சால் துடைத்துப் பாருங்கள். பழுப்பு பஞ்சில் ஏறினால் தேயிலைச் சாயமோ ஷூ பாலிஷோ பூசியிருக்கிறார்கள். பிறகு பத்து மடங்கு லென்ஸ். வருஷக்கணக்கில் இழுபட்ட கீறல் நாலா பக்கமும் ஓடும், உப்புத்தாள் போட்டது ஒரே திசையில் போகும்.

வில்லோ மரம், பாலம், இரண்டு பறவை உள்ள தட்டு சீனத்ததே அல்ல. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் உருவான அச்சு வடிவம் அது. காதல் கதையும் அங்கே கட்டியதுதான். விளிம்பு ஓவியத்தில் அச்சுத்தாள் சேர்ந்த ஒட்டு தெரியும். அந்தத் தட்டில் சில்லு போன இடம் பெரும்பாலும் மஞ்சளித்துத் தண்ணீரை உறிஞ்சும். பீங்கான் உறிஞ்சாது, உடைந்த இடம் கண்ணாடிபோல் வெளேரென்றிருக்கும்.

கழுவுவதானால் பிளாஸ்டிக் தொட்டியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீரும் இரண்டு சொட்டு சோப்பும் போதும். பிளீச் வேண்டாம், விரிசலில் இறங்கி உப்பாகப் பூத்து மெருகையே தள்ளிவிடும். தட்டைச் சுவரில் மாட்ட இரும்புக் கம்பித் தொங்கியும் கூடாது. நம் கடற்காற்றில் துரு பிடித்து விளிம்பில் கறை விடும்.

வளைகுடாவில் இருக்கும் பிள்ளைக்குக் கொடுத்தனுப்ப நினைப்பவர்களுக்கு ஒன்று: 1972ஆம் வருஷச் சட்டப்படி நூறு வயது தாண்டிய பாண்டம் தொல்பொருள், தனியார் வெளிநாடு கொண்டுபோக முடியாது. வயது குறைவென்றால் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு போங்கள்.