முதல் நாளே கையில் வந்து உட்கார்ந்தால்

செல்லப்பிராணி கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலை என்றால் பாதி நாள் போனிலேயே போய்விடும். நாய், பூனை வளர்ப்பவர்கள் கூப்பிட்டால் வாந்தி, பேதி, கால் நொண்டுகிறது என்று விஷயத்தை நேராகச் சொல்லிவிடுவார்கள். புதிதாகப் பறவை வாங்கியவர்களிடமிருந்து வருவது பெரும்பாலும் ஒரே புகார்தான்: "வாங்கிட்டு வந்ததுல இருந்து கத்தவே மாட்டேங்குது மேடம், ஒரே இடத்துல அப்படியே உட்கார்ந்திருக்கு." அநேகமாக அது பட்ஜீஸாக இருக்கும், நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி விற்கிறார்களே, அந்த ஆஸ்திரேலியக் குட்டிக் கிளி. இல்லாவிட்டால் காக்கட்டீல், தலையில் கொண்டை வைத்த கிளி.

பயந்து போன பறவையும் அசையாது, உடம்பு சரியில்லாத பறவையும் அசையாது. முதலாவதைத் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும், இரண்டாவதை அன்றைக்கே கிளினிக்குக் கொண்டுவர வேண்டும். மாற்றிச் செய்தால் இரண்டுக்குமே ஆபத்து. அதனால் போனில் நான் முதலில் கேட்பது, "நீங்க பக்கத்துல போனா அது உங்களைப் பார்க்குதா?"

பயந்த பறவை இறகையெல்லாம் உடம்போடு ஒட்ட இழுத்துக்கொண்டு ஒல்லியாக நிமிர்ந்து நிற்கும். சிலை மாதிரி இருந்தாலும் கண் மட்டும் நம் பின்னாலேயே வரும். நோய்ப்பட்ட பறவை இறகை உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, பட்டப்பகலில் தூங்கி வழியும், நாம் போவதும் வருவதும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மூச்சு விடும் ஒவ்வொரு தடவையும் வால் மேலும் கீழும் ஆடினாலோ, கம்பியை விட்டுக் கூண்டின் தரையில் போய் உட்கார்ந்துவிட்டாலோ யோசிக்கவே கூடாது, கிளம்பி வந்துவிட வேண்டும். உப்பிக்கொண்டு உட்கார்ந்தாலே நோய்தான் என்றும் இல்லை. ஒற்றைக் காலை மடக்கி, தலையை முதுகுப் பக்கம் திருப்பிச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தால் பெரும்பாலும் அது நிம்மதியான தூக்கம். பட்ஜீஸுக்குத் தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும், இரவு பதினொரு மணி வரை டிவி ஓடும் ஹாலில் அது கிடைக்காது.

எனக்கு அடிவயிறு கலங்குவது இன்னொரு வகை போன் வந்தால்தான். புகாரே இருக்காது, சந்தோஷமாகச் சொல்வார்கள்: "ரொம்ப சாது மேடம், முதல் நாளே கையில வந்து உட்கார்ந்துக்குச்சு, பறக்கவே இல்லை." கையால் ஊட்டி வளர்த்த குஞ்சு என்றால் சரி. பெரிய கூண்டில் கூட்டத்தோடு வளர்ந்த பட்ஜீஸ் ஒன்று, புது வீட்டில், புது மனிதர் கையில் முதல் நாளே பேசாமல் உட்காருகிறது என்றால், பறந்து தப்பிக்கக் கூட அதற்குத் தெம்பில்லாமல் இருக்கலாம். கூட்டத்தில் நோஞ்சானாகத் தெரிவதைத்தான் பருந்து முதலில் தூக்கும், அதனால் முடிந்த மட்டும் நோயை மறைப்பது இவற்றின் சுபாவம். நம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிட்டது என்றால் உள்ளே எப்போதோ முற்றிவிட்டிருக்கும்.

அப்படி ஒரு பறவையைச் செருப்பு டப்பாவில் வைத்து ஒரு அம்மாவும் பெண்ணும் கொண்டுவந்தார்கள். எங்கள் டாக்டரம்மா எந்தப் பறவையையும் எடுத்த எடுப்பில் தொட மாட்டார், கொஞ்ச நேரம் எட்ட நின்று மூச்சை மட்டும் கவனிப்பார். அப்புறம் கையில் எடுத்து, மார்பு இறகை மெல்ல ஊதி விலக்கிக் காட்டினார். நடு நெஞ்செலும்பு கத்தி முனை போலத் துருத்திக்கொண்டிருந்தது, இரண்டு பக்கமும் சதையே இல்லை. "கிண்ணம் நிறையத் தினை இருக்கு டாக்டர்" என்று அந்தப் பெண் அழுதாள். பொய் இல்லை, கிண்ணம் நிறைந்துதான் இருந்தது. அந்தப் பறவை அதுவரை தரையில் வைத்த தட்டில் எல்லாவற்றோடும் சேர்ந்து தின்று பழகியது, கம்பியில் மாட்டிய மூடி போட்ட கிண்ணத்துக்குள் தீனி இருப்பதே அதற்குத் தெரியவில்லை. தளும்பும் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே பட்டினி. சூடு கொடுத்து, குழாயில் கஞ்சி ஊட்டி, தட்டில் தினையைப் பரப்பி வைத்துத்தான் அதைத் தேற்றினார்கள்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். பட்ஜீஸ் தினையை உரித்துத் தின்றுவிட்டு உமியை அங்கேயே விட்டுவிடும், மேலாகப் பார்த்தால் கிண்ணம் நிறைந்த மாதிரியே இருக்கும். தினமும் ஊதிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதைவிட நம்பகமானது எச்சம். கூண்டின் அடியில் வெள்ளைத்தாள் போடச் சொல்வேன். கரும்பச்சைச் சுருள், அதோடு ஒட்டிய வெள்ளை, சுற்றிக் கொஞ்சம் ஈரம், இப்படி நாள் முழுக்க விழுந்துகொண்டே இருந்தால் யாரும் பார்க்காத நேரத்தில் தின்கிறது என்று பொருள். எண்ணிக்கை குறைந்து, துளித்துளியாகப் பச்சைப் பிசுக்கு மட்டும் விழுந்தால் வயிற்றில் ஒன்றும் இல்லை. கிராம் காட்டும் சமையலறைத் தராசு இருந்தால் இன்னும் நல்லது. 35 கிராம் பறவைக்கு மூன்றரை கிராம் குறைவது என்பது 60 கிலோ மனிதர் 6 கிலோ இளைப்பதற்குச் சமம், இறகு மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

பயந்த பறவைக்கு மருந்து கிடையாது, இடம்தான் மருந்து. ஏழாவது படிக்கும் பையன் ஒருவன் தன் நீலக் கிளியோடு வந்தான், சோதித்ததில் குறை ஒன்றும் இல்லை. கூண்டு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஹால் நடுவில் தொங்குகிறதாம், எதிரில் டிவி, ஜன்னலில் பக்கத்து வீட்டுப் பூனை. கூண்டைச் சுவர் மூலைக்கு மாற்றி, மூன்று பக்கம் துணி போட்டு, கையை உள்ளே விடாமல், பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் மட்டும் எழுதச் சொன்னோம். சில நாள் கழித்து அவனே போன் செய்தான். "அக்கா, நான் முறுக்கு தின்னா அதுவும் தினை தின்னுது!" அதுதான் கூட்டத்துப் பறவையின் குணம், பக்கத்தில் ஒருவர் தின்றால் ஆபத்து இல்லை என்று அதற்குப் புரிந்துவிடும்.

'ஜோடி இல்லாமல் ஏங்குகிறது' என்று கடைக்காரர் சொன்னதும் மறுநாளே இன்னொன்றை வாங்கி அதே கூண்டில் விட்டுவிடுவார்கள், இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். முதல் பறவை நோயாளியாக இருந்தால் இப்போது இரண்டு நோயாளிகள். புதுப் பறவையை ஒரு மாதமாவது வேறு அறையில் வைக்க வேண்டும், கிளியிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் காய்ச்சல் ஒன்றும் உண்டு, கூண்டைத் துடைத்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஊதுவத்தி, கொசுவத்திப் புகையும் அந்த அறையில் வேண்டாம். நான்ஸ்டிக் தவா காலியாக அடுப்பில் காய்ந்தால் வரும் ஆவி பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

டாக்டர் இல்லாத ஞாயிறு இரவில் போன் வந்தால் நான் சொல்வது சூட்டைப் பற்றித்தான். கூண்டின் ஒரு பக்கம், வெளியே, 40 வாட் பழைய குண்டு பல்பு ஒன்றைத் துணியில் படாமல் வையுங்கள், எல்.இ.டி. உதவாது, அதில் சூடு வராது. உள்ளே 30 டிகிரி அளவுக்கு இருந்தால் போதும், மறுபக்கம் பறவை தள்ளிப்போக இடம் இருக்க வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கினால் சூடு அதிகம், பல்பைத் தள்ளி வையுங்கள். தினையைத் தரையில் தூவுங்கள். ஃபில்லரில் தண்ணீரை மட்டும் வாயில் ஊற்றிவிடாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். காலையில் முதல் டோக்கன் உங்களுக்குத்தான், அடியில் போட்ட தாளையும் மடித்து எடுத்து வாருங்கள்.