ஸ்காட்லாந்து பிரியலாமா? பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாதம்

என் தம்பி மகள் கிளாஸ்கோவில் நர்ஸ். கையில் இருப்பது மலேசியப் பாஸ்போர்ட். ஆனாலும் 2014 செப்டம்பர் 18ஆம் தேதி, ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா என்று கேட்டபோது அவளும் போய் ஓட்டுப் போட்டாள். அங்கே முறைப்படி குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டவருக்கு ஓட்டு உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்துக்காரர்களுக்கு உண்டு, 16 வயதுப் பிள்ளைகளுக்கும் உண்டு என்று வைத்திருந்தார்கள். எடின்பரோவில் பிறந்து லண்டனில் குடியேறிவிட்ட ஸ்காட்லாந்துக்காரருக்கு ஓட்டு இல்லை. பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் பிறந்து கிளாஸ்கோ ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் பார்க்கும் எங்கள் பெண்ணுக்கு இருந்தது.

இந்த ஏற்பாட்டை நான் இவ்வளவு மெச்சுவதற்குக் காரணம் எங்கள் அத்தை. கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில், மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் சுதந்திரத்துக்கு, முன்னால் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் எடுத்து வைக்க ஆள் இல்லை. மெர்டேக்காவுக்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை தானாக வந்தது. அத்தையைப் போன்றவர்கள் மனுப் போட்டு வாங்க வேண்டியிருந்தது. மனுவோடு தாள் கேட்டார்கள், தாள் இல்லை. கடைசி வரை சிவப்பு ஐசிதான், குடிமக்கள் அல்லாதவர்களுக்கான அடையாள அட்டை. தேர்தல் நாளில் நாங்கள் பள்ளிக்கூடத்தில் வரிசை பிடித்து நிற்போம், அத்தை வீட்டில் சமைத்துக்கொண்டு பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். 2013 பொதுத்தேர்தலில் விரலில் மை வைத்தார்கள் அல்லவா? அன்று நான் திரும்பி வந்ததும் என் விரலைப் பிடித்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சோப்பு போட்டா போகுமாடா இது?" என்று கேட்டார்.

சின்ன நாடு பிரியலாமா என்று பேச்செடுத்தால் எல்லாரும் முதலில் கேட்பது, "தனியாகப் போய்ப் பிழைக்குமா?" என்பதுதான். அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான், கீழே வருகிறேன். ஆனால் என் முதல் கேள்வி வேறு. கோடு போடுவதற்கு முன் யாரைக் கேட்டார்கள்? கோடு போட்ட பிறகு, தவறிப்போய் இந்தப் பக்கம் நின்றவன் கதி என்ன?

எங்கள் குடும்பத்துக்கு அது வெறும் புத்தகக் கேள்வி கிடையாது. அப்பா பிறை ரயில்வேயில் வேலை பார்த்தார். சித்தப்பா சிங்கப்பூரில், செம்பவாங் கப்பற்படைத் தளத்தில். 1962 செப்டம்பர் 1ஆம் தேதி சிங்கப்பூரில் வாக்கெடுப்பு வைத்தார்கள். சீட்டில் மூன்று கட்டம், மூன்றுமே மலேசியாவில் இணைவதற்கான வழிகள். வேண்டாம் என்று சொல்லக் கட்டமே கிடையாது. பிறகு 1965 ஆகஸ்ட் 9 அன்று கோலாலம்பூர் நாடாளுமன்றம் சிங்கப்பூரைப் பிரித்துவிடும் சட்டத்தை 126க்குப் பூஜ்யம் என்று நிறைவேற்றியது. அதற்கு வாக்கெடுப்பே இல்லை. முந்தின வாரம் ஒரே நாட்டில் இருந்த அண்ணனும் தம்பியும் அன்று காலை ரேடியோவைக் கேட்டு இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள்.

உடனே எதுவும் மாறிவிடவில்லை. அதைத்தான் ஸ்காட்லாந்துக்காரர்கள் கவனிக்க வேண்டும் என்று தம்பி மகளிடம் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறியது. 1967 ஜூன் 12 அன்று இரண்டு நாடும் தனித்தனிப் பணம் வெளியிட்டன. ஆனால் இரண்டும் சமம், எங்கே கொடுத்தாலும் செல்லும் என்று ஒப்பந்தம். சித்தப்பா பொங்கலுக்குக் கடிதத்துக்குள் மடித்துப் பத்து வெள்ளி நோட்டு வைப்பார். ஆர்க்கிட் பூ அச்சடித்த சிவப்பு நோட்டு. முனைக் கடைச் சீனர் அதை எங்கள் பத்து வெள்ளிக்குச் சமமாக வாங்கி டின்னுக்குள் போட்டுக்கொள்வார். 1973 மே 8 அன்று அந்த ஒப்பந்தம் முடிந்தது. அதற்கு அடுத்த பொங்கலுக்கு அதே கடையில் அவர் நோட்டை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், "பேங்குக்குக் கொண்டு போ" என்று அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அரிசி அன்றைக்குக் கடனில்தான் வந்தது.

இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல். சமமாகப் புறப்பட்டதில் சின்னது ஏறியது, பெரியது இறங்கியது.

2014-ல் ஸ்காட்லாந்து வாதம் பாதிக்கு மேல் இந்தப் பணப் பிரச்சினையில்தான் சிக்கியது. பிரிந்த பிறகும் பவுண்டையே பங்கு போட்டுப் பயன்படுத்துவோம் என்றார் அப்போதைய ஸ்காட்லாந்து முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்ட். பிரிந்து போனால் பவுண்டையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று லண்டன் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் பிப்ரவரியில் எடின்பரோவுக்கே வந்து சொல்லிவிட்டார். ஆகஸ்டில் டிவி விவாதம். அவர்கள் தரமாட்டோம் என்றால் உன் இரண்டாவது திட்டம் என்ன என்று வேண்டாம் பக்கத் தலைவர் அலிஸ்டர் டார்லிங் திரும்பத் திரும்பக் கேட்டார். சால்மண்டிடம் நேரான பதில் வரவில்லை. என்னைக் கேட்டால், அந்த வாக்கெடுப்பு தோற்றது அந்த இடத்தில்தான். மாதக் கடைசியில் எந்த நோட்டில் சம்பளம் வரும் என்று தெரியாதவனிடம் போய்ச் சுதந்திரத்துக்கு ஓட்டுக் கேட்பது நியாயமில்லை.

எண்ணெய்க் கணக்கும் அப்படித்தான். பீப்பாய்க்கு 110 டாலர் என்று வைத்துத்தான் ஸ்காட்லாந்தின் எடின்பரோ அரசாங்கம், பிரியும் திட்டத்தை விளக்கிய தன் வெள்ளை அறிக்கையில் கணக்குப் போட்டது. 2015 ஜனவரியில் விலை 50 டாலருக்குக் கீழே போய்விட்டது. ஜெயித்திருந்தால் சுதந்திர நாள் 2016 மார்ச் 24 என்று தேதியும் குறித்திருந்தார்கள். அந்த மார்ச்சில் எண்ணெய் 40 டாலர் பக்கம் கிடந்தது. புது நாட்டின் முதல் பட்ஜெட்டே ஓட்டையோடு பிறந்திருக்கும். இதை வேண்டாம் கட்சியின் மிகப் பலமான வாதம் என்று நினைக்கிறேன்.

ஆனால் தம்பி மகள் விடமாட்டாள். "பெரியப்பா, 2010-ல கன்சர்வேட்டிவ் கட்சிக்கு இங்க 59 தொகுதியில ஒண்ணுதான் கிடைச்சது. ஆனா அஞ்சு வருஷம் அவங்கதான் எங்களை ஆண்டாங்க. நாங்க போடாத ஓட்டுக்கு நாங்க ஏன் கட்டுப்படணும்?" என்றாள். இதற்கு என்னிடம் நல்ல மறுமொழி இல்லை. ஐம்பத்து சொச்சம் லட்சம் பேர் இருக்கும் நாடு, பத்து மடங்கு பெரிய பக்கத்து வீட்டோடு ஒரே பெட்டியில் ஓட்டுப் போட்டால் எப்போதும் யார் குரல் கேட்கும் என்பது தெரிந்ததே. நம் மலேசிய இந்தியச் சமூகத்துக்குத் தொகுதிக் கணக்கு தெரியாதா என்ன?

அப்புறம் எல்லை. நான் வேலைக்காலம் முழுக்க பட்டர்வொர்த் துறைமுகத்தைச் சுற்றிச் சரக்கு ஃபார்வர்டிங் பார்த்தவன். என் கண்ணுக்கு நாட்டின் எல்லை கொடியில் தெரியாது, கஸ்டம்ஸ் ஃபாரத்தில் தெரியும். உள்ளே வந்தால் கே1, வெளியே போனால் கே2. சிங்கப்பூருக்குப் போகிற பெட்டிக்கும் அதே கே2தான், ரோட்டர்டாமுக்குப் போகிற பெட்டிக்கும் அதேதான். ஸ்காட்லாந்து வெளியே விற்பதில் ஏறக்குறைய 60 சதவீதம் பிரிட்டனின் மற்றப் பகுதிகளுக்குத்தான் போகிறது. நாளைக்கு அது பிரிந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தால், இங்கிலாந்து எல்லையில் இருக்கும் கிரெட்னா பக்கம் லாரிகள் நின்று ஃபாரம் காட்ட வேண்டும். சால்மன் மீன் ஏற்றிய லாரி அரை நாள் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு நிறுத்தமும் இருக்காது என்று மேடையில் பேசுகிறவர்களை நான் நம்பமாட்டேன். நிறுத்தம் இருக்கும், அதற்கு இவ்வளவு ஆளும் இத்தனை கிடங்கும் வேண்டும் என்று சொல்பவரை நம்புவேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்து இங்கிலாந்தின் காலனி என்று சிலர் பேசுவதை என்னால் ஏற்க முடியாது. ஜார்ஜ்டவுனில் ஜாலான் ஸ்காட்லாந்து என்றே ஒரு சாலை இருக்கிறது, தாவரப் பூங்காவுக்குப் போகும் வழியில். மலாயாவின் பெரிய ரப்பர் கம்பெனிகளில் ஒன்றான கத்ரி, அலெக்சாண்டர் கத்ரி என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1821-ல் சிங்கப்பூரில் ஆரம்பித்த வியாபாரத்திலிருந்து வளர்ந்தது. எங்கள் தாத்தா தலைமுறை "பெரிய தொரை" என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றவர்களில் ஸ்காட்லாந்துத் தொரைகள் நிறையப் பேர். கிளாஸ்கோவில் ஜமைக்கா தெரு என்று இருக்கிறது, தம்பி மகள் தினமும் அதைத் தாண்டித்தான் பஸ் ஏறுகிறாள். கரும்பும் புகையிலையும் அடிமைகளும் சேர்ந்து கட்டிய ஊர் அது. சாம்ராஜ்யத்தில் பங்காளியாக இருந்துவிட்டு, இப்போது எங்களோடு சேர்ந்து நாங்களும் அடிமைகள் என்று சொல்லக்கூடாது.

ஆனால் காலனியாக இருந்தால்தான் பிரியலாம் என்று எங்கே எழுதியிருக்கிறது? 1707-ல் இங்கிலாந்தோடு சேர்ந்தபோது ஸ்காட்லாந்து மக்களை யாரும் கேட்கவில்லை. பனாமாவில் டாரியன் குடியேற்றத் திட்டத்தில் பணத்தைக் கொட்டி இழந்த பிரபுக்கள் உட்கார்ந்திருந்த நாடாளுமன்றம் முடிவெடுத்தது, தெருவில் கலவரம் நடந்தது. சேரும்போது கேட்கப்படாதவர்களை இருக்கவா போகவா என்றாவது கேட்க வேண்டும். அதற்குக் காலனிச் சான்றிதழ் தேவையில்லை.

நம் பினாங்கும் ஒரு காலத்தில் பிரியப் பார்த்தது, இங்கே இளையவர்கள் பலருக்குத் தெரியாது. 1948-ல் மலாயாக் கூட்டரசில் சேர்த்ததும் தீவு வியாபாரிகளுக்குச் சுங்கமில்லாத் துறைமுகம் போய்விடுமோ என்று பயம். வர்த்தக சங்கங்கள் கூடின, 1949-ல் பினாங்கின் சட்டமன்றமான செட்டில்மெண்ட் கவுன்சிலில் பிரிவுத் தீர்மானம் வந்தது, 15க்கு 10 என்று தோற்றது. அவர்கள் பயந்தபடியே 1969-ல் அந்தச் சலுகை போனது. வியாபாரிகள் சொன்னது சரிதான். இருந்தாலும் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழனையும் சீனனையும் அந்தப் பத்துப் பேரும் கேட்கவில்லை, எதிர்த்த பதினைந்து பேரும் கேட்கவில்லை. அதனால் அந்தத் தீர்மானம் ஜெயித்திருந்தாலும் எனக்கு ஒப்பில்லை.

2014-ல் 84.6 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். 55.3 சதவீதம் வேண்டாம், 44.7 சதவீதம் வேண்டும். முடிந்தது கதை என்று விட்டிருக்கலாம், பிரெக்சிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறியது, வராமல் இருந்திருந்தால். ஐரோப்பாவில் தொடர வேண்டும் என்றால் பிரிட்டனிலேயே இரு என்று சொல்லித்தான் 2014-ல் ஓட்டு வாங்கினார்கள். 2016 ஜூன் 23 அன்று ஸ்காட்லாந்து 62 சதவீதம் ஐரோப்பாவிலேயே இருப்போம் என்றது, ஆனாலும் வெளியே இழுத்துக்கொண்டு போனார்கள். அதுவும் எப்படி? தம்பி மகளோடு அதே வார்டில் ஒரு போலந்துப் பெண் வேலை செய்கிறாள். 2014-ல் இருவரும் ஓட்டுப் போட்டவர்கள். 2016-ல் காமன்வெல்த் கணக்கில் எங்கள் பெண்ணுக்கு ஓட்டு இருந்தது. தன் இருப்பே கேள்வியாகிவிட்ட போலந்துக்காரிக்கு இல்லை. ஒரே ஊர், ஒரே வார்டு, இரண்டே வருஷ இடைவெளி. எந்த அரசாங்கம் தன் எல்லைக்குள் இருப்பவர்களை ஆளாக எண்ணுகிறது என்பதை எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

2016 வரை நான் வேண்டாம் பக்கம். அதற்குப் பிறகு வேண்டும் பக்கம். பணக் கணக்கு இப்போதும் இடிக்கிறது, எல்லைக் கணக்கு முன்னைவிட மோசம், இரண்டும் தெரிந்தேதான் சொல்கிறேன். ஒரு வாக்குறுதியை நம்பி இருந்தவர்களிடம் அந்த வாக்குறுதி போன பிறகு மறுபடி கேட்கத்தான் வேண்டும். 2022 நவம்பர் 23 அன்று லண்டன் உச்ச நீதிமன்றம், ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தானாக வாக்கெடுப்பு நடத்த அதிகாரம் இல்லை என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. சட்டப்படி சரியாக இருக்கலாம். அப்படியானால் வெளியே போகும் வாசல் எது என்று லண்டன் சொல்ல வேண்டும். இதுவரை சொல்லவில்லை.

மறுபடி ஓட்டு வந்தால் ஒரு விஷயத்தை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லி அவளைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். 2013 வெள்ளை அறிக்கைப்படி, ஸ்காட்லாந்தில் குடியிருக்கும் பிரிட்டிஷ் குடிமக்கள் தானாகப் புது நாட்டுக் குடிமக்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். அதாவது அவளுக்கு நாட்டை உண்டாக்க ஓட்டு உண்டு, அந்த நாட்டில் இடம் மட்டும் மனுப் போட்டுத்தான். இங்கே மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஒத்துக்கொள்ளாது, அங்கே வாங்கினால் இங்கே கொடுத்துவிட வேண்டும். தம்பி கொடுக்காதே என்கிறான். நான் எதுவும் சொல்லவில்லை, அது அவள் முடிவு. ஆனால் மனு என்றால் என்னென்ன தாள், எத்தனை வருஷக் குடியிருப்பு, எவ்வளவு காலத்துக்குள் பதில், மறுத்தால் யாரிடம் போவது, இவ்வளவும் ஓட்டுக்கு முன்னால் அச்சில் வர வேண்டும். 2020-ல் எடின்பரோ நாடாளுமன்றம் சட்டம் மாற்றி, முறைப்படி தங்கியிருக்கும் எந்த நாட்டவரும், அகதிகள் உட்பட, அதன் தேர்தலில் வாக்களிக்கலாம் என்றாக்கியது. அந்த மனது உள்ளவர்களுக்கு இதை எழுதித் தருவது பெரிய காரியமில்லை. போலந்துப் பெண்ணும் இதையேதான் கேட்கிறாளாம், இருவரும் சேர்ந்து தங்கள் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.