கொட்டகைத் தேக்கு அடுக்களைக்கு வருகிறது

மார்ச் 2

தாத்தா கட்டிய தானியக் கொட்டகையைப் பிரித்தெடுத்த மரங்களை, அடுக்களை அலமாரிக்காக இன்று தரம் பிரித்தோம். விட்டங்களும் சட்டங்களும் தேக்கு; சுவரை அடைத்திருந்த பலகைகளில் பாதி வேறு மரம். நடுவில் முற்றி வைரம் பாய்ந்த பகுதி தட்டினால் இன்னும் கணீரென்கிறது. ஓரத்து முற்றாத மரமான வெளிறோ உளுத்து, விரல் பட்டாலே மாவாக உதிர்கிறது. தேக்கைப் பூச்சி அண்டாது என்பது வைரத்துக்கு மட்டுமே பொருந்தும். பச்சை வண்ணம் பூசிய பழைய கதவை ஒதுக்கிவிட்டேன். அந்தக் காலத்து வண்ணங்களில் ஈயம் கலந்திருப்பதுண்டு என்பதால், அதை உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைச் சுவாசிக்க எனக்குத் துணிவில்லை.

மார்ச் 9

முழுக்க ஆணி பிடுங்கும் வேலை. தலை தெரியும் ஆணிகளால் தொல்லையில்லை. தலை ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டவைதாம் ரம்பத்தின் பல்லைப் பதம் பார்ப்பவை என்பதால், உலோகம் காட்டும் கருவியை ஒவ்வொரு பலகையின் இரு பக்கமும் ஓட்டிய பிறகே அடுத்த குவியலுக்கு மாற்றினேன். ஆணித் துளைகளைச் சுற்றி நீலம் கலந்த கருமை படர்ந்திருக்கிறது. மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து உண்டாக்கிய கறை அது. ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் அதைப் போக்கிவிடும். நான் போக்கப் போவதில்லை.

ஒரு பலகையில் மூட்டைக் கணக்கு கீறப்பட்டிருக்கிறது: நிமிர்ந்த கோடுகள் நான்கு, அவற்றின் குறுக்கே ஒன்று, பிறகு மீண்டும் நான்கு. நடுவில் ஒரு கட்டு மட்டும் மூன்று கோடுகளோடு நின்றுபோய், கீழே புதிதாகத் தொடங்குகிறது. “அந்தப் பலகைல இழைப்புளி படக் கூடாது, சொல்லிட்டேன்” என்று அத்தை கண்டிப்பாகக் கூறிவிட்டார்.

ஏப்ரல் 20

இடையிடையே சிறு கட்டைகள் கொடுத்து வீட்டுக்குள் அடுக்கி வைத்திருந்த மரத்தில் ஈரமானி இப்போது 11 சதவீதம் காட்டுகிறது; வந்தபோது 16. பழைய மரம்தானே, காய்ந்துதான் இருக்கும் என்று நேராக வேலைக்கு எடுப்பவர்கள் உண்டு. திறந்த கொட்டகையின் காற்றுக்குப் பழகிய மரம், வீட்டுக்குள் வந்ததும் இன்னும் சுருங்கும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

இன்று இழைப்பு. தேக்கில் இயற்கையாகவே மணற்சத்து இருப்பதால் உளி விரைவில் மழுங்குகிறது. தீட்டுவதும் இழைப்பதுமாகப் பொழுது போயிற்று. சாம்பல் பூத்த மேல்தோல் சுருளாகக் கழன்றதும் உள்ளே பொன்னிறம் தெரிந்தது, பதனிட்ட தோலைப் போன்ற தேக்கின் அந்த வாசனையும் எழுந்தது. எதை இழைப்பது, எதை விடுவது என்பதுதான் உண்மையில் இந்த வேலையின் தீர்மானம். கை படும் விளிம்புகளையும் இணைப்புகள் அமரும் முகங்களையும் இழைக்கிறேன். கண்ணுக்கு மட்டும் தெரியும் முகங்களைக் கம்பித் தூரிகையால் துலக்கி விட்டுவிடுகிறேன். எல்லாவற்றையும் இழைத்துவிட்டால் புதுப் பலகையே வாங்கியிருக்கலாம்.

ஏப்ரல் 27

அலமாரிக் கதவுகளுக்குச் சட்டம் கூட்டினேன். மரம் நீளவாக்கில் கூடுவதும் குறைவதும் அரிது. இழைக்குக் குறுக்கேதான் பருவந்தோறும் அசையும். ஆகவே நடுப்பலகையைச் சட்டத்தில் வெட்டிய நீண்ட பள்ளமான காடிக்குள் பசையின்றிச் செருகி, இரு பக்கமும் சிறிது இடம் விட்டேன். சட்டங்களை ஒன்றோடொன்று கோக்கும் கழுந்துகளுக்கு மட்டுமே பசை. அதற்கு முன் அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்தாக வேண்டும். தேக்கின் எண்ணெய்ப்பசை முகத்தில் இருந்தால் இணைப்பு நாளடைவில் விட்டுவிடும்.

மே 4

ஆளிவிதை எண்ணெய் முதற்பூச்சு. துடைத்த துணிகளைக் கசக்கிப் போடாமல் வெளியே விரித்து உலர்த்தினேன்; குவித்து வைத்தால் அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும்.

மே 11

கணக்குப் பலகை இழுப்பறையின் முகப்பாகிவிட்டது. கோடுகளில் படிந்திருந்த அழுக்கை மென்தூரிகையால் எடுத்ததோடு சரி. மிச்சத் துண்டுகளில் காய் நறுக்கும் பலகை செய்து தரும்படி வீட்டில் கேட்டார்கள், மறுத்துவிட்டேன். எலியும் பூச்சிமருந்தும் புழங்கிய கொட்டகையின் மரம் எதை உறிஞ்சி வைத்திருக்கிறது என்பதை இழைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கதவாக, முகப்பாக, மேல்தட்டின் ஓரச் சட்டமாக இருக்கட்டும்; உணவு நேரடியாகப் படும் இடத்துக்குப் புது மரம் எடுத்துக்கொள்கிறேன்.