விடைத்தாளுக்கும் ஒரு வாசகர் உண்டு: ஒரு நாவலாசிரியரிடம் கற்ற எழுத்துப் பயிற்சி

கடலூரில் இருந்தபடியே குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்குத் தயாரானவன் என்பதால், என்னென்ன புத்தகங்கள் படித்தேன் என்றுதான் புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்கள் கேட்கிறார்கள். புத்தகப் பட்டியலுக்கு இப்போது எந்த ஊரிலும் பஞ்சமில்லை என்பதால் அதை விட்டுவிட்டு, மூன்று மணி நேரம் கை ஓயாமல், படிப்பவருக்குப் புரியும்படி எழுதுவது எப்படி என்பதை மட்டும் இங்கே சொல்ல விரும்புகிறேன். இதில் எனக்கு வழிகாட்டியாக அமைந்தவர் ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப் (1815–1882). புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குப் போய்வந்த காலத்தில் படித்த அவருடைய தன்வரலாறு, தேர்வுக்காக வாங்கிய எந்தக் கையேட்டையும்விட எனக்கு அதிகம் உதவியது.

டிரோலப் 1834 முதல் 1867 வரை அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர். அந்த வேலையோடு எழுதத் தொடங்கி, வாழ்நாளில் மொத்தம் 47 நாவல்களை எழுதி முடித்தார். காலை 5.30 மணிக்கு மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதி, மூன்று மணி நேரத்தில் அன்றைய எழுத்தை முடித்துவிட்டு அதன் பிறகே காலை உணவுக்குப் போவார். நம் பொது அறிவுத் தாள் ஒவ்வொன்றுக்கும் அதே மூன்று மணி நேரம்தான். 150 சொற்களில் பத்து விடைகளும் 250 சொற்களில் பத்து விடைகளுமாக 4,000 சொற்கள் எழுத வேண்டும். டிரோலப்பின் வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலும் 3,000 சொற்கள்தான் தேறும். அப்படியானால் வாழ்நாளெல்லாம் எழுதிப் பழகிய ஒருவரைவிட வேகமாக எழுதும்படி நம்மைத் தேர்வு கேட்கிறது என்றுதான் பொருள். சொல் வரம்பை எட்டியே தீர வேண்டிய இலக்காகக் கருதாமல், தாண்டக்கூடாத எல்லையாக வைத்துக்கொண்டு, இருபது கேள்விகளையும் விடாமல் எழுதுவதே அறிவுடைமை என்ற முடிவுக்கு நான் வந்தது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான். தமிழில் தேர்வு எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் பெயரோடும் வினையோடும் ஒட்டிக்கொள்வதால் நம் சொற்கள் எண்ணிக்கையில் குறைவு, நீளத்தில் அதிகம். எனவே ஆங்கிலத்தில் எழுதும் நண்பரின் சொற்கணக்கோடு ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். நிரம்பிய பக்கத்தைக் கொண்டு அளந்து பழகுங்கள்.

டிரோலப்பைக் காலையில் எழுப்பிக் காபி கொடுப்பதற்காகவே ஒரு வயதான பணியாளர் இருந்தார். அதற்கென ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். தன் வெற்றிக்கு வேறு எவரையும்விட அந்த மனிதருக்கே அதிகம் கடன்பட்டிருப்பதாக அவர் எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் அம்மாவின் தலையில்தான் விழுகிறது. ஐந்து பவுண்டுக்கும் வழியில்லை. நாவல் ஒன்றைத் தொடங்கும்போதே நாட்களைக் கட்டம் போட்டு, அன்றன்று எழுதிய பக்கங்களை அவர் குறித்துவந்தார். வாரத்துக்குச் சராசரியாக 40 பக்கம். சில வாரங்களில் 20, ஒரு சமயம் 112. இப்படி ஏறி இறங்கியதை அவர் மறைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. வீட்டில் விசேஷம், மழை வெள்ளம், உடல்நலக் குறைவு என்று எது வந்தாலும் அந்த வாரத்துக் கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதிவையுங்கள். ‘இன்று எட்டு மணி நேரம் படித்தேன்’ என்று எழுதும் குறிப்பேடு நம்மை எளிதில் ஏமாற்றிவிடும். ‘இன்று நான்கு விடை எழுதினேன்’ என்பதில் ஏமாற்ற இடமில்லை.

அவருடைய மூன்று மணி நேரத்தில் முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பதற்கு உரியது. எழுதத் தொடங்குபவர்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கத்தை வற்புறுத்திச் சொல்கிறார். தேர்வுப் பயிற்சியில் நாம் முதலில் கைவிடுவதும் இதைத்தான். விடை எழுதி, மாதிரி விடையோடு ஒப்பிட்டு, மதிப்பெண் போட்டுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். எழுதியவுடன் படித்தால், மனத்தில் இருப்பதையெல்லாம் தாளிலும் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். ஓர் இரவு கடந்த பிறகு வாய்விட்டுப் படித்தால்தான் எழுவாய் எங்கோ தொலைந்துபோன வாக்கியமும், ‘எனவே’ என்று தொடங்கினாலும் முன்வரியிலிருந்து பிறக்காத முடிவும் காதில் உறுத்தும். எங்கள் சிறு குழுவின் விடைகளை மஞ்சக்குப்பத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பார்த்துக் கொடுப்பார். நண்பர் ஒருவரின் தாளைப் புரட்டிவிட்டு, “தம்பி, விஷயமெல்லாம் இருக்குது. ஆனா நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு கடைசி வரியிலதான் எனக்குத் தெரியுது, அதுக்குள்ள நான் களைச்சுப் போயிட்டேன்” என்றார். கட்டுக்கட்டாகத் தாள் திருத்துபவரின் நிலை அதுதான்.

வாசகர் மீது டிரோலப் காட்டிய மரியாதை இந்த இடத்தில் கைகொடுக்கிறது. 1857இல் வெளிவந்த ‘பார்ச்செஸ்டர் டவர்ஸ்’ நாவலில், கதாநாயகி யாரை மணப்பாளோ என்று வாசகர் தவிக்கத் தொடங்கும் நேரத்தில், நீங்கள் அஞ்சும் அந்த இருவரில் எவரையும் அவள் மணக்கப்போவதில்லை என்று கதைசொல்லி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இடையே ஒளிவுமறைவு கூடாது என்பது அவர் கொள்கை. நாவலுக்கு இது பொருந்துமா என்று விவாதிக்கலாம்; விடைத்தாளுக்கு விவாதமே வேண்டாம். ‘ஆராய்க’ என்று கேட்டால், ஆராய்ந்து நீங்கள் அடைந்த நிலைப்பாட்டை முதல் இரண்டு வரிகளிலேயே சொல்லிவிட்டுக் காரணங்களுக்குப் போங்கள். அதோடு, முடிவை அறிந்த பிறகே தொடக்கத்தை வாசகர் கையில் கொடுக்க வேண்டும் என்று கருதிய அவர், முழு நாவலையும் எழுதி முடிக்கும் முன் அதன் பகுதியை வெளியிடக் கூடாது என்ற விதியை வைத்திருந்தார். 1860இல் ஓர் இதழுக்காக அதைத் தளர்த்தவும் செய்தார். கட்டுரைத் தாளில் இந்த விதியைத் தளர்த்த வேண்டாம். இறுதிப் பத்தியில் எங்கே போய் நிற்கப்போகிறீர்கள் என்று குறித்துக்கொள்ளாமல் முதல் வரியைத் தொடங்காதீர்கள்.

ஒருமுறை லண்டன் மன்றம் ஒன்றில் மதகுருமார் இருவர், டிரோலப் அதே பாத்திரங்களைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார் என்று குறைசொல்லி, திருமதி பிரௌடி என்ற பாத்திரத்தை வசைபாடிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. எழுந்து போய், குற்றவாளி நான்தான் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் அவளைக் கொன்றுவிடுவதாகச் சொல்லி, சொன்னபடி செய்தார். தனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் என்பதால் பின்னால் வருந்தவும் செய்தார். எல்லாக் கட்டுரைகளிலும் தலைகாட்டும் அதே திருக்குறள், அதே காந்தி மேற்கோள், அதே கேரள உதாரணம் ஆகியவை நம்முடைய திருமதி பிரௌடிகள். நமக்குப் பிடித்தவை என்பதற்காக அவற்றைத் திருத்துபவர் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். டிரோலப் போட்டித் தேர்வுகளுக்கு எதிரி. தன் நாவல் ஒன்றில் அவற்றைக் கேலியே செய்திருக்கிறார். அவரை வேலைக்கு எடுத்தபோது, நாளிதழிலிருந்து சில வரிகளைப் படியெடுக்கச் சொன்னார்கள். அதிலும் மை சிந்தி, எழுத்துப்பிழை செய்து, அப்படியும் வேலை கிடைத்தது. அந்தக் காலம் நமக்கு வாய்க்கவில்லை.

நாவல் ஒன்று முடிந்த மறுநாளே அடுத்ததைத் தொடங்கும் அவருடைய வழக்கத்தை ஆண்டு முழுவதும் பின்பற்ற நான் சொல்லமாட்டேன். வாரத்தில் ஒருநாள் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கால் நனைத்துவிட்டு வாருங்கள். ஆனால் சென்னையில் தேர்வு நடக்கும் நாட்களில் டிரோலப்பின் அந்த வழக்கம் தேவைப்படும். ஒரே நாளில் இரண்டு தாள் வரும்போது, காலைத் தாளின் விடைகளை வாசலில் யாரோடும் ஒப்பிடாமல், கொஞ்சம் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு, பிற்பகல் தாளுக்கான குறிப்புகளின் முதல் பக்கத்தைத் திறந்துவிடுங்கள்.